வேகஸுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?

நீங்க கேட்டது இதுதான்: ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க, ரெண்டு பேருக்கும் அறுபத்தஞ்சு தாண்டிடுச்சு, வீட்ல யாரும் சீட்டுக்கட்டே தொட்டதில்ல, பாக்கறவங்க எல்லாம் லாஸ் வேகஸ் போயிட்டு வாங்கன்னு சொல்றாங்க, சூதாடாதவங்களுக்கு அங்க என்ன இருக்கு, எப்படியும் சூதாடப் போறதில்ல அதனால காசு பெருசா போகாதுதானே, அப்படியே கிராண்ட் கேன்யனையும் ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாமா. நான் கலிஃபோர்னியால ரொம்ப வருஷமா இருக்கேன், ஆஃபீஸ் கான்ஃபரன்ஸுக்கும் போயிருக்கேன், ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யார் வந்தாலும் கூட்டிட்டுப் போற வேலையும் என் தலையிலதான் விழும், அதனால நல்லாவே பழகின ஊர், கொஞ்சம் நீளமா சொல்றேன்.

போங்க, தாராளமா போங்க. ஆனா சூதாடலன்னா காசு மிச்சம்னு நினைச்சுட்டு மட்டும் போகாதீங்க. அது 1980கள்ல சரியா இருந்த கணக்கு. அப்போ சீட்டு மேசையிலயும், காசு போட்டுப் பட்டன் தட்டற ஸ்லாட் மெஷின்லயும் வர்ற காசை நம்பித்தான் ஊரே நடந்துச்சு, அதனால ரூமை அடிமாட்டு விலைக்குக் குடுத்தாங்க, பஃபே சாப்பாடு கிட்டத்தட்ட சும்மா, கார் பார்க்கிங் சுத்தமா சும்மா, எப்படியாவது உள்ள வந்தா போதும்னு. 1990கள் கடைசில இருந்து கதை மாறிடுச்சு, ஸ்ட்ரிப்னு சொல்ற அந்தப் பெரிய ரோட்ல இருக்கற ஹோட்டல்களுக்கு சூதாட்டத்துல வர்றதைவிட ரூம், சாப்பாடு, ஷோ, பார், கடைன்னு மத்ததுல வர்ற வருமானம்தான் அதிகம். அதாவது உங்க குடும்பம் மாதிரி சூதாடாதவங்களும் பண்ற செலவுல இருந்துதான் இப்ப பாதிக்கு மேல எடுக்கறாங்க, நீங்க வேடிக்கை பாக்க வந்தவங்க இல்ல, அவங்க முக்கியமான கஸ்டமரே நீங்கதான்.

எப்படி எடுக்கறாங்கன்னு சொல்றேன். ரூம் வாடகை 60 டாலர்னு பாத்து சந்தோஷப்பட்டு புக் பண்ணுவீங்க, அதுக்கு மேல ரிசார்ட் ஃபீன்னு ஒரு நாளைக்கு 40, 50 டாலர் வரும், வைஃபை, ஜிம், லோக்கல் ஃபோன் கால் எல்லாத்துக்கும் சேத்துன்னு சொல்லுவாங்க, உங்க அம்மா ஜிம்முக்குப் போகப் போறாங்களா என்ன, ஆனா வேண்டாம்னு சொல்ல முடியாது. அதுக்கும் சேத்து 13 சதவீதத்துக்கு மேல வரி. 2025 மே மாசத்துல இருந்து இந்த ஃபீயையும் சேத்து மொத்த விலையை முதல்லயே காட்டணும்னு அமெரிக்க அரசு விதி போட்டிருக்கு, அதனால முன்ன மாதிரி கடைசி பக்கத்துல வந்து அதிர்ச்சி குடுக்கறது குறைஞ்சிருக்கு, ஆனா தொகை குறையல. பார்க்கிங்குக்கு 2016ல இருந்து ஒவ்வொரு ஹோட்டலா காசு வாங்க ஆரம்பிச்சாங்க. ரூம்ல இருக்கற ஃபிரிட்ஜ் உங்க பொருளை வைக்கறதுக்கு இல்ல, உள்ள சென்சார் இருக்கும், தண்ணி பாட்டிலை எடுத்துப் பாத்துட்டு திருப்பி வச்சாலும் பில்லுல ஏறலாம், எங்க மாமா ஒரு தடவை அம்மாவோட இன்சுலின் வைக்கறதுக்காக ரெண்டு பாட்டிலை நகர்த்திட்டார், செக் அவுட் பண்றப்ப அதுக்கு சண்டை போட்டு கழிக்க வேண்டியதாச்சு. மருந்து வைக்கணும்னா முன்கூட்டியே ஃபோன் பண்ணி தனியா சின்ன ஃபிரிட்ஜ் கேளுங்க, மருத்துவக் காரணம்னு சொன்னா நிறைய இடத்துல தருவாங்க. ஸ்ட்ரிப் ஹோட்டல் ரூம்ல பெரும்பாலும் மைக்ரோவேவும் இருக்காது, காஃபி மேக்கரும் இருக்காது, காலைல எந்திரிச்சதும் காஃபி வேணும்னா நீங்க கீழ இறங்கி வரணும், கேசினோன்னு சொல்ற சூதாட்டக் கூடம் வழியா நடக்கணும், வரிசைல நின்னு 7, 8 டாலர் குடுக்கணும். உங்க வீட்ல காலைல காஃபி இல்லாம பேச்சே வராதுன்னா ஒரு சின்ன கெட்டிலும் டிகாக்‌ஷன் பாட்டிலும் எடுத்துட்டுப் போங்க, புளியோதரை கட்டிக்கிட்டுப் போறதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல.

இல்லன்னா ஸ்ட்ரிப்லயே கேசினோ இல்லாத ஹோட்டல், கிச்சனோட இருக்கற சூட் மாதிரி தங்குங்க. வயசானவங்களோட போறவங்களுக்கு நான் எப்பவும் சொல்றது இதுதான். ரூமுக்குப் போக லிஃப்ட் எங்கன்னு தேடி அரை கிலோமீட்டர் புகைக்குள்ள நடக்க வேண்டாம். கேசினோல இன்னும் சிகரெட் பிடிக்கலாம், அம்மாவுக்கு ஆஸ்துமா இருந்தா இது பெரிய விஷயம், ஸ்ட்ரிப்ல பார்க் எம்ஜிஎம்னு ஒண்ணு மட்டும் 2020ல இருந்து முழுக்க புகை இல்லாம நடத்தறாங்க.

கேசினோவுக்குள்ள ஆக்ஸிஜன் கலந்து விடறாங்க, அதனாலதான் தூக்கம் வராதுன்னு யாராவது சொல்லுவாங்க, அது கட்டுக்கதை. அதுக்குத் தேவையும் இல்ல. கடிகாரம் இருக்காது, பெரும்பாலான இடத்துல ஜன்னல் இருக்காது, வெளிச்சம் காலை நாலு மணிக்கும் மாலை நாலு மணிக்கும் ஒரே மாதிரி, நேர் பாதையே கிடையாது, சாப்பாட்டுக்குப் போனாலும் பாத்ரூமுக்குப் போனாலும் மெஷின்களைச் சுத்தித்தான் போகணும். முன்னாடி எல்லாம் நாணயம் தட்டுல கொட்ற சத்தம் கேக்கும், இப்ப காசே கிடையாது, மெஷின்ல இருந்து ஒரு சீட்டு வரும் அவ்ளோதான், ஆனா கொட்ற சத்தத்தை மட்டும் ஸ்பீக்கர்ல போடறாங்க. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு நடந்தீங்கன்னா அந்தக் கட்டடங்களைப் பாக்கறதே ரொம்ப சுவாரசியமா இருக்கும், ஒவ்வொரு திருப்பத்தையும் யாரோ உக்காந்து யோசிச்சு வச்சிருக்காங்க.

இப்ப கணக்குக்கு வரேன், ஏன்னா சூதாட மாட்டோம்னு சொல்லிட்டுப் போன எந்தக் குடும்பத்துலயும் ஒருத்தராவது ஒரு இருபது டாலர் போட்டுப் பாப்போமேன்னு உக்காராம திரும்பி வந்து நான் பாத்ததில்ல. போடலாம், தப்பில்ல, ஆனா என்ன வாங்கறோம்னு தெரிஞ்சு போடணும்.

சக்கரத்தைச் சுத்தி விட்டு பந்து எந்தக் குழில விழும்னு பந்தயம் கட்டற ரூலட் எடுத்துக்கோங்க. அமெரிக்கச் சக்கரத்துல 38 குழி, 18 சிவப்பு, 18 கருப்பு, 2 பச்சை. சிவப்புல 10 டாலர் வைக்கறீங்கன்னு வைங்க, 38 தடவை சுத்தினா சராசரியா 18 தடவை ஜெயிப்பீங்க, 20 தடவை தோப்பீங்க, 380 டாலர் பந்தயத்துக்கு 20 டாலர் போயிடும், 5.26 சதவீதம். அந்த ரெண்டு பச்சைக் குழிதான் ஊரோட வருமானம். இப்ப ஸ்ட்ரிப்ல நிறைய இடத்துல மூணாவதா ஒரு பச்சைக் குழியும் சேத்துட்டாங்க, சதவீதம் 7.69 ஆயிடுச்சு. பக்கத்துல ஒரு போர்டு இருக்கும், இதுக்கு முன்னாடி விழுந்த நம்பர் எல்லாம் வரிசையா காட்டும், ஏழு தடவை கருப்பு விழுந்திருக்கு அடுத்து சிவப்புதான்னு அதைப் பாத்து ஆள் வந்து உக்காருவாங்க. சக்கரத்துக்கு போன தடவை என்ன விழுந்துச்சுன்னு ஞாபகம் கிடையாது. அந்த போர்டு உங்களுக்கு உதவி பண்ற விஷயமா இருந்திருந்தா அதை அங்க மாட்டி வச்சிருக்கவே மாட்டாங்க.

பிளாக்ஜாக்ங்கற சீட்டாட்டத்துல மேசை விரிப்பு மேலயே வளைவா எழுதியிருக்கும், அதைப் படிங்க. ஆஸும் பத்தும் சேந்து வந்தா 3க்கு 2ன்னு குடுக்கறது பழைய வழக்கம், 15 டாலருக்கு 22.50 கிடைக்கும். இப்ப ஸ்ட்ரிப்ல குறைஞ்ச பந்தய மேசைல எல்லாம் 6க்கு 5, அதே சீட்டுக்கு 18 டாலர்தான். நாலரை டாலர்தானேன்னு தோணும், ஆனா அந்தச் சேர்க்கை சுமார் 21 ஆட்டத்துக்கு ஒரு தடவை வரும், அது ஒண்ணு மட்டுமே கேசினோவோட பங்கை 1.4 சதவீதம் கிட்ட ஏத்திடுது, நல்லா விளையாடத் தெரிஞ்சவன் அரை சதவீதத்துல ஆடிட்டு இருந்த ஆட்டம் அது. இந்த மாத்தம் எனக்கு ரொம்பவே கோவம் வர வைக்கற விஷயம், விதியை மாத்தினவன் லாபம் பாக்கறான், மேசைல உக்காந்திருக்கற நூறு பேர்ல தொண்ணூறு பேருக்கு மாறினதே தெரியாது.

ஸ்லாட் மெஷின்தான் எல்லாத்துலயும் மோசம். ஒரு சென்ட் மெஷின்னு எழுதியிருக்கும், பட்டனைத் தட்டினா குறைஞ்சது 50, 75 சென்ட் போகும். நெவாடா சட்டப்படி 75 சதவீதமாவது திருப்பித் தர மாதிரி மெஷின் இருக்கணும், நிஜத்துல அதைவிட நல்லாவே தரும், 90னே வச்சுக்குவோம். மணிக்கு 600 தடவை தட்டலாம், தடவைக்கு 75 சென்ட், ஒரு மணி நேரத்துல 450 டாலர் உள்ள போய் வருது, அதுல 45 டாலர் நிக்குது. பக்கத்து சீட்ல உக்காந்திருக்கற பாட்டியோட கார்டு சுருள் கயிறு போட்டு சட்டைல மாட்டி மெஷினுக்குள்ள சொருகியிருக்கும், எவ்வளவு நேரம் எவ்வளவு ஆடினாங்கன்னு கணக்கு வச்சு ரூம், சாப்பாடுன்னு கொஞ்சம் திருப்பிக் குடுக்கறதுக்கு. சும்மா குடிக்கக் குடுப்பாங்கங்கறது உண்மைதான், டிப்ஸ் ஒண்ணு ரெண்டு டாலர் குடுக்கணும், ஆனா இப்ப நிறைய பார் மெஷின்ல பின்னாடி ஒரு சின்ன லைட் வச்சிருக்காங்க, போதுமான அளவு ஆடினாத்தான் அது பச்சையா மாறும், அப்பதான் பார்டெண்டர் ஊத்துவார். ஒருவேளை அப்பா ஒரு டாலர் போட்டு பெரிய ஜாக்பாட் அடிச்சுட்டார்னா, இந்தியால இருந்து வந்தவங்களுக்கு 30 சதவீதம் வரி பிடிச்சுட்டுத்தான் மீதி கைக்கு வரும், பாஸ்போர்ட் கேப்பாங்க, கைல வச்சுக்கோங்க.

இதை ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, என் கூட வேலை பாத்த ஒரு பையன், ரொம்ப கெட்டிக்காரன், கணக்குல புலி, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 300 டாலர் ஜெயிச்சான். அதுதான் பிரச்சினையே. சனிக்கிழமை மதியம் அந்த முன்னூறும் போச்சு, கைல இருந்ததும் போச்சு, ராத்திரி ஏடிஎம்ல எடுக்க ஆரம்பிச்சான், கேசினோ ஏடிஎம்ல ஒரு தடவை எடுக்க 8, 10 டாலர் கட்டணம், அதைக்கூட கவனிக்கல. ஞாயித்துக்கிழமை திரும்பி வர்ற கார்ல அஞ்சு மணி நேரம் அவன் பேசவே இல்ல. தோத்ததை எடுக்கணும்ங்கற அந்த வெறி வந்துட்டா படிப்பு, புத்தி எதுவும் நிக்காது, ஊர்ல ஆன்லைன் ரம்மில வீடு வாசல் போனவங்க வீட்டுல கேட்டுப் பாருங்க, அதே கதைதான். குடும்பத்துல யாருக்காவது அந்த சுபாவம் இருக்குன்னு லேசா சந்தேகம் இருந்தாக்கூட வேகஸ் வேண்டாம், நேரா கிராண்ட் கேன்யன் போயிடுங்க.

சரி, என்ன பாக்கலாம். ஸ்ட்ரிப்ல பெல்லாஜியோ முன்னாடி இருக்கற தண்ணி ஆட்டம், 1998ல ஆரம்பிச்சது, ஆயிரத்துக்கும் மேல குழாய், 460 அடி வரைக்கும் பீச்சும், பாட்டுக்குத் தகுந்த மாதிரி ஆடும், காசு கிடையாது. எங்க அம்மா அதை விட்டு நகரவே மாட்டேன்னுட்டாங்க, ஒரு பாட்டு முடிஞ்சதும் அடுத்த பாட்டுக்கு கால் மணி நேரம் நின்னுக்கிட்டே இருந்தாங்க. அதே ஹோட்டல் உள்ள பூக்களால ஒரு மண்டபம் அலங்காரம் பண்ணியிருப்பாங்க, பருவத்துக்குப் பருவம் மாத்துவாங்க, சீனப் புத்தாண்டுக்குத் தனியா ஒண்ணு, அதுவும் இலவசம். ஸ்ஃபியர்னு 2023ல தொறந்தாங்களே அந்த 366 அடி உயர உருண்டை, வெளிய நின்னு பாத்தாலே போதும், உள்ள டிக்கெட் விலை அதிகம். வெனீஷியன் ஹோட்டல்ல கூரைக்குள்ள வானம் வரைஞ்சு கால்வாய் வெட்டி படகு விடறாங்க, பாரிஸ்ங்கற ஹோட்டல்ல பாதி உயர ஈஃபில் கோபுரம், இதெல்லாம் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும், எனக்குப் பெருசா ஒட்டல, அம்மாக்களுக்குப் பிடிக்கும். மிராஜ் முன்னாடி எரிமலை வெடிக்கும்னு பழைய வீடியோ பாத்துட்டுப் போகாதீங்க, அந்த ஹோட்டலையே 2024 ஜூலைல மூடிட்டாங்க.

நடையைப் பத்தி எச்சரிக்கை பண்ணணும். அந்த ஊர்ல கட்டடம் எல்லாம் ராட்சச சைஸ், அதனால பக்கத்துல இருக்கற மாதிரி தெரியறது அரை மணி நேர நடை. ரோட்டை நேரா கடக்க முடியாது, மேம்பாலம் ஏறி இறங்கணும், எஸ்கலேட்டர் பாதி நாள் ரிப்பேர். முட்டி வலி இருக்கறவங்களுக்கு டியூஸ்னு ஒரு டபுள் டெக்கர் பஸ் 24 மணி நேரமும் ஓடுது, ஸ்ட்ரிப்ல இருந்து டவுன்டவுன் வரைக்கும், அதோட மாடில உக்காந்தா அதுவே ஒரு சுத்திப் பாக்கற டூர்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல அரைகுறை உடையில ஃபோட்டோ எடுத்துக்க வாங்கன்னு கூப்பிடறவங்க, அசிங்கமான படம் போட்ட சீட்டு நீட்டறவங்க எல்லாம் வருவாங்க, உங்க அப்பா எப்படிப்பட்டவர்னு உங்களுக்குத் தெரியும், ஏழு மணில இருந்து ஒன்பது மணிக்குள்ள பாத்துட்டு ரூமுக்கு வந்துடுங்க. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம், 2024 ஜூலை 7ஆம் தேதி 120 ஃபாரன்ஹீட் அடிச்சுச்சு, நம்ம கணக்குல 49 டிகிரி. அக்டோபர் பாதிக்கு மேல, இல்லன்னா மார்ச், அதுவும் திங்கள்ல இருந்து வியாழனுக்குள்ள. கான்ஃபரன்ஸ் நடக்கற வாரம் வாடகை மூணு மடங்கு ஏறும்.

எனக்குப் பிடிச்ச வேகஸ் ஸ்ட்ரிப்ல இல்ல, டவுன்டவுன்ல இருக்கு. இன்னொண்ணு தெரியுமா, ஸ்ட்ரிப்போட பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்துக்குள்ளயே வராது, கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அதோட நிலம், 1950ல நகரம் அதை இழுத்துக்கப் பாத்தப்ப நகர வரி கட்டக்கூடாதுன்னு கேசினோ முதலாளிகள் முட்டுக்கட்டை போட்டு பாரடைஸ்னு தனி டவுன்ஷிப்பா பிரிச்சுக்கிட்டாங்க, இன்னைக்கும் அப்படித்தான் இருக்கு. நிஜமான ஊர் ஃப்ரீமாண்ட் தெரு. 1905ல ரயில்வேக்காரங்க பாலைவனத்துல மனை போட்டு ஏலம் விட்டாங்களே அது அங்கதான், 1931ல நெவாடா சூதாட்டத்தைச் சட்டமாக்கினதும் முதல்ல வளந்ததும் அங்கதான். எல் கோர்டெஸ்னு 1941ல தொறந்த கேசினோ இன்னும் நடக்குது. அங்க பழைய மேசைகள்ல பந்தயமும் கம்மி, 3க்கு 2ம் இன்னும் கிடைக்குது.

அங்க ஒரு மேசை ஓரமா நின்னு, சீட்டு போடற டீலரோட கையை மட்டும் பாருங்க. ஒரு அம்மா, அம்பது வயசுக்கு மேல இருக்கும், நேம் டேக்ல பேருக்குக் கீழ மணிலான்னு சொந்த ஊர் போட்டிருந்துச்சு. ஷிஃப்ட் முடிஞ்சு எந்திரிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் லேசா தட்டி, விரலை விரிச்சு, உள்ளங்கையை மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை திருப்பிக் காட்டிட்டு, ஒரு வார்த்தை பேசாம போயிட்டாங்க. கைல சிப், அதாவது காசுக்குப் பதிலா வைக்கற வில்லை, எதுவும் ஒளிச்சு வைக்கலன்னு மேல இருக்கற கேமராவுக்குக் காட்டறது, எந்த மேசையை விட்டுப் போனாலும் செய்யணும். மூக்கைச் சொறிஞ்சாக்கூட சிலர் பழக்கத்துல கையை விரிச்சுக் காட்டுவாங்க. அவங்க சம்பளம் பெருசா ஒண்ணும் இல்ல, டிப்ஸ்தான் வருமானம், அதையும் எல்லாரும் சேத்து வச்சுப் பிரிச்சுக்குவாங்க.

இந்த ஊரைப் பத்திப் பேசறவங்க யாரும் இந்த வேலைக்காரங்களைப் பத்திப் பேசறதில்ல, எனக்கு அது பெரிய குறை. ரூம் சுத்தம் பண்றவங்க, சமையல்காரங்க, பரிமாறறவங்க எல்லாருக்கும் கலினரி யூனியன், லோக்கல் 226னு ஒரு சங்கம், சுமார் 60,000 பேர். ஃபிரான்டியர் ஹோட்டல்ல 1991 செப்டம்பர்ல 550 பேர் வேலைநிறுத்தம் ஆரம்பிச்சாங்க, 1998 பிப்ரவரி வரைக்கும் ஆறு வருஷத்துக்கு மேல, 24 மணி நேரமும் வாசல்ல நின்னாங்க, அந்த வெயில்ல. ஒருத்தர்கூட சங்கத்தை விட்டுட்டு உள்ள வேலைக்குப் போகல. ஜெயிச்சாங்க. மதுரை, கோயமுத்தூர் மில் போராட்டம் பாத்த தலைமுறைக்கு இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்க, எங்க அப்பா ஹோட்டல் விளக்குக்கெல்லாம் அசராதவர் இதைக் கேட்டுட்டு நிறைய கேள்வி கேட்டார். அதனால ஒண்ணு, ரூம்ல தினமும் கிளம்பறப்ப மேசை மேல ஒரு அஞ்சு டாலர் வச்சுட்டுப் போங்க, கடைசி நாள் மொத்தமா வச்சா வேற ஒருத்தர் கைக்குப் போகும்.

டவுன்டவுன்லயே ரெண்டு மியூசியம். ஒண்ணு மாஃபியாவைப் பத்தினது, பழைய கோர்ட் கட்டடத்துல 2012ல தொறந்தாங்க, 1950ல கெஃபாவர்னு ஒரு செனட்டர் கள்ளக் கூட்டங்களை விசாரிக்க ஊர் ஊரா போனப்ப அந்தக் கட்டடத்துலயும் உக்காந்து விசாரிச்சார், அந்த அறையையே வச்சிருக்காங்க. ஃபிளமிங்கோவை 1946ல தொறந்த பக்ஸி சீகல் ஆறு மாசத்துல சுட்டுக் கொல்லப்பட்டது, கேசினோல பணம் எண்ணற அறையில இருந்தே கணக்குல வராம காசை எடுத்தது எல்லாம் விவரமா இருக்கும். இன்னொண்ணு நியான் மியூசியம், இடிச்ச ஹோட்டல்களோட பழைய விளக்குப் பலகைகளை வெட்டவெளியில வச்சிருக்காங்க, சாயங்காலம் போங்க. அங்க மூலாங் ரூஜ் பலகை இருக்கு, அதை மட்டும் தவற விடாதீங்க. அந்தக் காலத்துல கறுப்பினப் பாடகர்கள் ஸ்ட்ரிப்ல மேடையேறிப் பாடலாம், ஆனா அதே ஹோட்டல்ல தங்கக்கூடாது, சாப்பிடக்கூடாது, சாமி டேவிஸ் ஜூனியர், நாட் கிங் கோல் மாதிரி பெரிய ஆளுங்களே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வெஸ்ட்சைட்ல போய்த் தங்கினாங்க. 1955ல எல்லாரும் ஒண்ணா உக்காரலாம்னு தொறந்த முதல் கேசினோ ஹோட்டல் மூலாங் ரூஜ், சில மாசத்துலயே மூடிடுச்சு, ஆனா 1960 மார்ச்ல ஊர் முழுக்க அந்தப் பாகுபாட்டை நிறுத்தறதுக்கான ஒப்பந்தம் அதே கட்டடத்துலதான் முடிவாச்சு.

இதெல்லாம் ஒரு நாள். ரெண்டாவது நாள் காலைல ஹூவர் அணைக்குப் போயிடுங்க, 30 மைல்தான். எங்க அப்பா மேட்டூர் பக்கத்துல வளந்தவர், அவருக்கு மொத்த அமெரிக்கப் பயணத்துலயே அதுதான் பெருசா பட்டுச்சு. ரெண்டு அணையும் ஒரே காலத்துல கட்டினது, மேட்டூர் 1934ல முடிஞ்சது, ஹூவர் 1935ல திறப்பு விழா. மேட்டூர் 214 அடி, இது 726 அடி, நீளத்துல மேட்டூர்தான் பெரிசு, இது ரெண்டு மலைக்கு நடுவுல வளைஞ்சு நிக்குது. மேட்டூர் முழுசா நிறைஞ்சா 93.47 டி.எம்.சி., இங்க இந்த அணை தேக்கற மீட் ஏரி நிறைஞ்சா 1,100 டி.எம்.சி.க்கு மேல. இவ்வளவு கான்கிரீட்டை ஒரே கட்டியா போட்டா சூடு ஆற நூறு வருஷத்துக்கு மேல ஆகும்னு, துண்டு துண்டா வார்த்து நடுவுல 582 மைல் நீளத்துக்கு சின்ன இரும்புக் குழாய் பதிச்சு குளிர்ந்த தண்ணி விட்டு ஆத்தினாங்க. கான்கிரீட்டுக்குள்ள தொழிலாளிங்க பிணம் இருக்குன்னு சொல்றது பொய், ஆனா அரசு கணக்குப்படியே 96 பேர் செத்தாங்க. தண்ணி உள்ள போற கோபுரத்துல ரெண்டு பெரிய கடிகாரம் இருக்கும், ஒண்ணு நெவாடா நேரம், ஒண்ணு அரிசோனா நேரம், கோடைல ரெண்டும் ஒண்ணு, குளிர்காலத்துல ஒரு மணி நேரம் வித்தியாசம்.

அங்க நின்னு ஏரியைப் பாத்தா பாறைல வெள்ளையா ஒரு பட்டை தெரியும், தண்ணி முன்னாடி எங்க நின்னுச்சுன்னு காட்டற தழும்பு, 150 அடிக்கு மேல இருக்கும். 2022 ஜூலைல ஏரி முதல் தடவை நிரம்பின காலத்துக்கு அப்புறம் மிகக் குறைஞ்ச மட்டத்துக்குப் போச்சு. வேகஸ் குடிக்கற தண்ணில 90 சதவீதம் இதுல இருந்துதான். காவிரி மாதிரி இங்க கொலராடோ ஆத்துத் தண்ணிக்கும் பங்கீடுதான், 1920கள்ல போட்ட ஒப்பந்தம், கலிஃபோர்னியாவுக்கு வருஷத்துக்கு சுமார் 190 டி.எம்.சி., அரிசோனாவுக்கு 120க்கு மேல, நெவாடாவுக்கு வெறும் 13. அப்போ அங்க ஆளே இல்ல, அதனால யாரும் கேக்கல. அந்த 13ஐ வச்சுக்கிட்டு இருபது லட்சத்துக்கு மேல ஜனத்தொகை இருக்கற ஊரை நடத்தறாங்கன்னா, வீட்டுக்குள்ள, ஹோட்டலுக்குள்ள சாக்கடைல போற தண்ணி கிட்டத்தட்ட முழுசையும் சுத்தம் பண்ணி ஏரிக்கே திருப்பி விடறாங்க, திருப்பி விட்ட அளவுக்கு மறுபடியும் எடுத்துக்கலாம். குளியல் தொட்டித் தண்ணி வீணாகறதில்ல, புல்லுக்கு ஊத்தறதுதான் நிஜமான செலவு, அதனால புல்லைப் பிடுங்கினா வீட்டுக்காரங்களுக்குக் காசு குடுக்கறாங்க, ரோட்டு ஓரத்துல அழகுக்கு வளக்கற புல்லை 2027ல இருந்து தடை பண்ணி 2021லயே சட்டம் போட்டாச்சு. பெல்லாஜியோ குளத்துத் தண்ணிகூட ஏரித் தண்ணி இல்ல, அங்க முன்னாடி இருந்த கோல்ஃப் மைதானத்துக் கிணத்துத் தண்ணி. ஊதாரி ஊர்னு எல்லாரும் திட்டற வேகஸ்கிட்ட தண்ணி விஷயத்துல கத்துக்க வேண்டியது சென்னைக்கு நிறைய இருக்குன்னு நான் மனசார நம்பறேன்.

மூணாவது நாள் ரெட் ராக் கேன்யன், ஊர்ல இருந்து அரை மணி நேரம், 13 மைல் வட்டப் பாதைல காரை ஓட்டிக்கிட்டே சிவப்புப் பாறைகளைப் பாக்கலாம், வயசானவங்க இறங்கவே வேண்டாம். அக்டோபர்ல இருந்து மே வரைக்கும் நேரம் குறிச்சு முன்பதிவு பண்ணாம உள்ள விட மாட்டாங்க. கிராண்ட் கேன்யனை வேகஸ்ல இருந்து ஒரே நாள்ல பாத்துட்டு வந்துடலாமான்னு கேட்டிருந்தீங்க. டூர்காரங்க ஒரே நாள்ல கூட்டிட்டுப் போறது பெரும்பாலும் வெஸ்ட் ரிம்னு சொல்ற மேற்கு விளிம்பு, அது ஹுவாலபாய் பழங்குடிகளோட நிலம், நேஷனல் பார்க் இல்ல, கண்ணாடிப் பாலம் அங்கதான் இருக்கு, கட்டணம் தனி, நேஷனல் பார்க் பாஸ் செல்லாது. படத்துல பாக்கற அந்த அகலமான கேன்யன் சவுத் ரிம், அதாவது தெற்கு விளிம்பு, காருக்கு ஒரு பக்கம் நாலரை மணி நேரம். அப்பா அம்மாவோட போறீங்கன்னா வேகஸ்ல ஒரு ராத்திரியைக் குறைச்சுட்டு சவுத் ரிம் பக்கம் டூசாயன்லயோ வில்லியம்ஸ்லயோ ஒரு ராத்திரி தங்குங்க, கிட்டத்தட்ட 7,000 அடி உயரம், அக்டோபர்லயே விடியக்காலைல பூஜ்யத்துக்குப் பக்கத்துல போகும், வேகஸ் வெயிலைப் பாத்துட்டு ஸ்வெட்டர், குல்லாவை வீட்டுல வச்சுட்டு வந்துடாதீங்க.